பூட்லோடர் ஏன் இரண்டு துண்டு? ஒரு சின்ன வரலாறு



போன செமஸ்டரில் துறை ஆய்வகத்திலிருந்து ஒரு பீகிள்போன் பிளாக் போர்டை என் கையெழுத்தில் வாங்கிக்கொண்டு விடுதி அறைக்கு வந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி அதைக் கொன்றுவிட்டேன். நான் அழிக்க நினைத்தது மெமரி கார்டை. டிடி கட்டளையில் ஒரு எண் மாறிப்போய், போர்டுக்குள்ளேயே இருக்கும் இஎம்எம்சி சேமிப்பகம் சுத்தமாகத் துடைக்கப்பட்டுவிட்டது! அதன் பிறகு மின்சாரம் கொடுத்தால், சீரியல் கேபிள் வழியாக லேப்டாப் திரையில் 'சி' என்ற ஆங்கில எழுத்து மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. சி... சி... சி... வேறு ஒன்றுமே இல்லை.

"போர்டு போச்சுடா, காசு கட்ட ரெடியா இரு" என்றான் அறை நண்பன். இரண்டு வாரத்தில் புராஜெக்ட் டெமோ வேறு.

சரி, புது பூட்லோடரை நாமே கட்டி மெமரி கார்டில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். யூ-பூட் மூலநிரலை இறக்கி, இந்த போர்டுக்கான டெஃப்கான்ஃபிக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, மேக் என்று அடித்தேன். (லேப்டாப்பில் இருப்பது இன்டெல் சில்லு, போர்டில் இருப்பது ஆர்ம். அதனால் கிராஸ் கம்பைலர் தேவை. அதை மறந்து ஒரு மணி நேரம் போனது தனிக்கதை.) முடிவில் இரண்டு கோப்புகள் கிடைத்தன. ஒன்று எம்எல்ஓ, நூறு கிலோபைட் சுற்றளவில். இன்னொன்று யூ-பூட் இமேஜ், அதைவிடப் பல மடங்கு பெரியது. ஒரே பூட்லோடருக்கு எதற்கு இரண்டு கோப்பு? இதைத் தேடப் போய்த்தான் பழைய கதைக்குள் விழுந்தேன்.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வந்த நொடியில் அதன் நினைவகம் காலி. நிரலை நினைவகத்தில் ஏற்ற ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை ஏற்றுவது யார்? கோழியா முட்டையா கதைதான். பூட்ஸின் பின்னால் இருக்கும் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னையே மேலே தூக்கிக்கொள்வதைத்தான் ஆங்கிலத்தில் பூட்ஸ்ட்ராப் என்பார்கள். பூட் என்ற சொல்லே அதன் சுருக்கம்தான்.

1952-ல் ஐபிஎம் அறிவித்த 701 இயந்திரத்தில் இதற்கென்றே லோடு என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் துளையட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ முதல் 36 பிட்டுகள் மட்டும் நினைவகத்துக்கு வரும். அதற்குள் இரண்டே இரண்டு கட்டளைகள்! அந்த இரண்டும் மேலும் கொஞ்சம் கட்டளைகளைப் படிக்கும், அவை மீதியைப் படிக்கும்.

1975-ல் வந்த ஆல்டேர் 8800-ல் அந்தப் பொத்தான்கூட இல்லை. முன்பக்கத்து சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி ஒவ்வொரு பைட்டாக மனிதனே ஏற்ற வேண்டும். பில் கேட்ஸும் பால் ஆலனும் அதற்கு ஒரு பேசிக் மொழி எழுதினார்கள். அதைக் காட்டுவதற்காக ஆலன் ஆல்புகர்க்கி நகரத்துக்கு விமானம் ஏறினார். பறந்துகொண்டிருக்கும்போதுதான் நாடாவிலிருந்து பேசிக்கை ஏற்றும் லோடரையே எழுத மறந்தது நினைவுக்கு வந்தது. விமானத்திலேயே உட்கார்ந்து தாளில் எழுதி முடித்தார். (டெமோவுக்கு முந்தின ராத்திரி கோடு எழுதும் நம் வழக்கத்துக்கு இவ்வளவு பெரிய முன்னோடி இருக்கிறார்!)

1981-ல் வந்த ஐபிஎம் பிசி இந்த வேலையை பயாஸ் என்ற ரோமில் வைத்துவிட்டது. ஆனால் உட்பொதி போர்டுகளில் பயாஸ் கிடையாது. ஒவ்வொரு போர்டிலும் சில்லு வேறு, நினைவகம் வேறு, இணைப்புகள் வேறு. போர்டு செய்பவர்கள் ஆளாளுக்கு ஒரு லோடர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மேக்னஸ் டாம் என்பவர் பவர்பிசி 8எக்ஸ்எக்ஸ் வகைச் சில்லுகளுக்கு 8எக்ஸ்எக்ஸ்ரோம் என்று ஒரு லோடர் எழுதியிருந்தார். 1999 அக்டோபரில் ஜெர்மனியைச் சேர்ந்த வுல்ஃப்காங் டெங்க் அதை சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்துக்குக் கொண்டுபோனார். அங்கே எண்ணில் தொடங்கும் பெயரை ஏற்க மாட்டார்கள். அதனால் பெயர் பிபிசிபூட் ஆனது. 2000 ஜூலையில் முதல் பொது வெளியீடு. அதிலிருந்து ஆர்ம் சில்லுகளுக்காக ஆர்ம்பூட் என்று ஒரு கிளை பிரிந்தது. 2002 நவம்பரில் இரண்டும் மறுபடி ஒன்றாகி, எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவாக டாஸ் யூ-பூட் என்ற பெயர் வந்தது. ஜெர்மன் மொழியில் யூ-பூட் என்றால் நீர்மூழ்கிக் கப்பல். 1981-ல் வந்த டாஸ் பூட் என்ற பிரபலமான நீர்மூழ்கிப் படத்தின் பெயரை வைத்து ஒரு சொல்விளையாட்டு!

டெங்க் 2022 அக்டோபரில் காலமானார். வீட்டு மூலையில் இருக்கும் வை-ஃபை ரவுட்டரில் யூ-பூட் ஓடிக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அவர் பெயரை எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் அந்த வாரம்தான் தெரியும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது இரண்டு கோப்பு விஷயம். பழைய போர்டுகளில் நார் ஃபிளாஷ் இருந்தது. அதில் இருக்கும் நிரலை சில்லு அங்கிருந்தபடியே இயக்கும், அதனால் ஒரே கோப்பு போதும். பிறகு மலிவான நேண்ட் ஃபிளாஷும் மெமரி கார்டும் வந்தன. இவற்றிலிருந்து நேரடியாக இயக்க முடியாது, ராமுக்கு நகல் எடுத்தே ஆகவேண்டும். ஆனால் மின்சாரம் வந்த நொடியில் ராம் தயாராக இருக்காது. டிடிஆர் ராமுக்கு நேரக்கணக்குகள் சொல்லிக்கொடுத்தால்தான் வேலை செய்யும், அந்தக் கணக்கு போர்டுக்கு போர்டு மாறும். சில்லுக்குள் இருக்கும் ரோமுக்கு அது தெரியாது. அதன் கையில் இருப்பது சில்லுக்குள்ளேயே இருக்கும் கொஞ்சம் நினைவகம்தான். பீகிள்போன் பிளாக்கில் 512 மெகாபைட் ராம் இருந்தாலும், முதலில் ஏறும் நிரலுக்குக் கிடைப்பது 109 கிலோபைட் மட்டும்! அதற்குள் அடங்கும் குட்டி நிரல்தான் எம்எல்ஓ. அது ராமை எழுப்பிவிட்டுப் பெரிய கோப்பை அதில் ஏற்றும். 701-ன் முதல் 36 பிட்டுகள் செய்த அதே வேலை.

2008-ல் வந்த முதல் பீகிள்போர்டில் இந்தக் குட்டி நிரலுக்கு எக்ஸ்-லோடர் என்று பெயர், அதைத் தனியாகக் கட்ட வேண்டும். பிறகு யூ-பூட்டுக்குள்ளேயே எஸ்பிஎல் என்ற பகுதியாக அது வந்துவிட்டது. ஒரு மேக் அடித்தால் இரண்டு கோப்பு வருவது இதனால்தான்.

அப்படியானால் என் போர்டு ஏன் சி சி என்று புலம்பியது? அது புலம்பலே இல்லை. எங்கேயும் எம்எல்ஓ கிடைக்காதபோது ரோம் கடைசியாக சீரியல் வழியாகக் கேட்கிறது. எக்ஸ்மோடம் முறையில் 'சி' என்றால் "நான் தயார், அனுப்பு" என்று அர்த்தம். அந்த முறையை வார்டு கிறிஸ்டென்சன் 1977-ல் உருவாக்கினார். 2013-ல் வந்த போர்டு அந்தக் காலத்துப் பேச்சில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது, நான்தான் செத்துப்போனதாக நினைத்துவிட்டேன்.

மெமரி கார்டிலிருந்தும் ஏன் எழவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. கார்டை நான் இஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மட் செய்திருந்தேன். ரோம் கோப்பு தேடுவது ஃபேட் பகுதியில் மட்டுமே.

ஆனாலும் கார்டை மாற்றுவதற்கு முன் சீரியல் வழியையே முயன்று பார்க்க ஆசை வந்தது. குட்டி நிரலை எக்ஸ்மோடமில் அனுப்பினேன். சி நின்றது. பத்துப் பதினைந்து நொடிக்குப் பிறகு யூ-பூட் எஸ்பிஎல் என்று ஒரு வரி, அதில் நான் கட்டிய தேதியும் நேரமும். பிறகு மறுபடியும் சி சி! இந்த முறை பயப்படவில்லை. பெரிய கோப்பை ஒய்மோடமில் அனுப்பினேன், கட்டளைக்குக் காத்திருக்கும் அம்புக்குறி வந்தது. நண்பனை எழுப்பிக் காட்டினேன். மணி மூன்றரை. திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

டெமோ முடிந்த மறுநாள் போர்டை ஆய்வகத்தில் திருப்பிக் கொடுத்தேன். பதிவேட்டில் 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.