புழுங்கலரிசியும் பல்கலைக்கழகமும்

பரீட்சை முடிவுகள் வெளிவந்து, மேற்படிப்புக்கு இடம் கிடைக்கும் மாதங்களில் பழைய மாணவர்கள் தோட்டப் பள்ளிக்கு வந்து தலைமையாசிரியரைக் காண்பது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வந்த மாணவி ஒருத்தி, பேச்சுச் சிகிச்சைத் துறையில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதாகக் கூறினாள். "ஏம்மா, மருத்துவம் கிடைக்கவில்லையா?" என்பதே என் வாயிலிருந்து வந்த முதற் சொல். வாழ்த்து பின்னர்தான் வந்தது. அக்கேள்வி எவ்வளவு பிழையானது என்பதை இந்நாட்டு வரலாற்றைப் புரட்டிய பிறகே உணர்ந்தேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் உழைப்பாளிகளை வாரிக்கொண்டு போன நோய்களுள் முதன்மையானவை மலேரியாவும் பெரிபெரியும் ஆகும். பெரிபெரி என்பது கால்கள் மரத்து, உடல் வீங்கி, இருதயம் தளர்ந்து உயிரை வாங்கும் நோய். ஈயச் சுரங்கங்களிலே சீனத் தொழிலாளர் இதற்கு ஏராளமாகப் பலியாயினர். ஆனால் அதே மாநிலங்களில், அதே வெயிலில் உழைத்த தமிழருக்கு அது அரிதாகவே கண்டது. காரணம் யாது? நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த பிராடன் என்பவர் இரு சாராரின் உலைப்பானையையும் உற்று நோக்கினார். சீனர் உண்டது நன்றாகத் தீட்டிய வெள்ளையரிசி. தமிழர் உண்டதோ புழுங்கலரிசி. இதனை அவர் 1907ஆம் ஆண்டில் ஒரு பெருநூலாகவே எழுதி வெளியிட்டார். ஆயினும், வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்றே அவர் எண்ணினார்.

கோலாலம்பூரில் 1900இல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் இதனைச் சோதித்துப் பார்த்தனர். நெகிரி செம்பிலான் காட்டுக்குள் சாலை அமைக்க வந்திருந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்கு வெள்ளையரிசியும் மற்றவர்க்குப் புழுங்கலும் கொடுத்தனர். வெள்ளையரிசி உண்டவரிடையே நோய் கண்டது. அரிசியை மாற்றியதும் நோயும் இடம் மாறிற்று. (இன்றைக்கு இத்தகைய சோதனைக்கு எவரும் இசையார்.) நஞ்சு ஏதுமில்லை, தவிட்டோடு கழிந்துபோகும் ஏதோ ஒரு சத்தின் குறைவே காரணம் என்பது தெளிவாயிற்று. அண்டையிலுள்ள ஜாவாவில் எய்க்மன் என்னும் டச்சுக்காரர் கோழிகளை வைத்து முன்னரே இவ்வழியைக் காட்டியிருந்தார். நெல்லை அவிக்கும்போது அச்சத்து அரிசிக்குள் இறங்கி நின்றுவிடுகிறது. நம் பாட்டிமார் அறியாமலே செய்த வைத்தியம் அது!

மலேரியாவின் கதையும் இத்தகையதே. 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய கிள்ளான் துறைமுகம், இரண்டு மாதத்திற்குள் காய்ச்சலால் மூடப்பட்டது. மால்கம் வாட்சன் என்னும் வைத்தியர் சதுப்பு நீரை வடித்துக் காடு வெட்டச் செய்தார், காய்ச்சல் தணிந்தது. ஆனால் மலையடிவாரத் தோட்டங்களிலோ காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் ஏறிற்று. அங்கே நோயைப் பரப்பியது, வெயில்படும் தெளிந்த ஓடைநீரில் பெருகும் வேறொரு கொசு. ஆகவே அவ்விடங்களில் எண்ணெய் தெளிப்பதும் நிலத்தடிக் குழாய் பதிப்பதும் வேண்டியதாயிற்று. எந்தக் கொசு எங்கே முட்டையிடும் என்ற அறிவு அங்கே மருந்தினும் பெரிதாயிருந்தது.

இவற்றைக் கண்டறிந்தவர்கள் வைத்தியர்களே, மறுக்கவில்லை. ஆனால் நோயை வென்ற ஆயுதம் மருந்துமன்று, கத்தியுமன்று. உணவும் வடிகாலும் பூதக்கண்ணாடியும் வென்றன. தோட்டங்களில் இவ்வேலையெல்லாம் ஒரே ஆளின் தலையில் விழுந்தது. அவர்தாம் நம் டிரசர் ஐயா. பெரட்டுக் களத்தில் கொயினா கொடுப்பார். புண்ணுக்குக் கட்டுப் போடுவார். லயத்துச் சாக்கடையைப் பார்வையிடுவார். இத்தகையோரைப் பதிவு செய்வதற்கென 1965இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

சிங்கப்பூரில் 1905ஆம் ஆண்டு மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டபோது, வைத்தியராக வேண்டியோரும் ஆஸ்பத்திரி உதவியாளராக வேண்டியோரும் ஒரே கூரையின் கீழ்தான் பயின்றனர். தான் ஜியாக் கிம் முதலான பெருமக்கள் மனுச் செய்து, 87,077 வெள்ளி திரட்டித் தந்து பெற்ற பள்ளி அது. பின்னர் வழிகள் பிரிந்தன. 1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் அமைந்ததும் வைத்தியர் பட்டதாரியானார். மற்றவர் ஆஸ்பத்திரிப் பயிற்சியோடும் சான்றிதழோடும் நின்றனர். இப்பிரிவினை நெடுங்காலம் நீடித்தது. தேசியப் பல்கலைக்கழகம் 1992இல் இத்துறைகளுக்கென ஒரு தனிப் புலத்தைக் கோலாலம்பூரில் தொடங்கிய பிறகே உணவியல், இயன்முறைச் சிகிச்சை, கேள்வியியல், பேச்சுச் சிகிச்சை, சுற்றுப்புறச் சுகாதாரம் ஆகியவை இந்நாட்டில் பட்டப்படிப்புகளாக வேரூன்றின. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 23 தொழில்களைப் பட்டியலிட்டது. கொசுவை ஆராயும் பூச்சியியலாரும் அதில் உளர்.

அப்புலத்தின் மலாய்ப் பெயரில் 'பெர்செகுத்து' என்ற சொல் வந்தது. கூட்டரசைக் குறிக்கும் 'பெர்செகுத்துவான்' என்பதும் அச்சொல்லின் வழிவந்ததே. இதற்கு நேரான ஆங்கிலச் சொல்லை, போர்க்காலத்தில் நம் பத்திரிகைகள் 'நேச நாடுகள்' என்று அழகாகத் தமிழாக்கின. மருத்துவத்திற்கு வரும்போது மட்டும் 'துணை மருத்துவம்' என்று எழுதி ஒரு படி கீழே இறக்கிவிட்டோம். என் கேள்வியும் அந்தத் 'துணை'யிலிருந்து பிறந்ததுதான்.

பேச்சுச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். 'பழம்' என்பதைப் 'பளம்' என்று சொல்லும் தோட்டத்துப் பிள்ளைக்கு நாவில் குறையில்லை; அவன் வீட்டுத் தமிழ் அது. ஆறு வயதிலும் 'காக்கா'வைத் 'தாத்தா' என்று சொல்லும் பிள்ளையை உடனே கவனிக்க வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியத் தமிழ் தெரிந்தவரே வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ சோதித்தால், மொழி தெரியாத பிள்ளை குறையுள்ளவனாகவும், குறையுள்ள பிள்ளை மொழி தெரியாதவனாகவும் கணக்கில் சேர்ந்துவிடுவான். 'மந்தம்' என்று பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன். என் வகுப்பிலும் அந்த வரிசை இருந்தது.

அம்மாணவி பட்டம் பெற்று வேலையிலமர்ந்த பின் ஒருநாள் பள்ளிக்கு வந்தாள். முதலாம் ஆண்டுப் பாடநூல் ஒன்றும், பிள்ளைகளைப் பேசவிட்டுக் கேட்க ஒரு வகுப்பறையும் வேண்டுமென்றாள். எந்த ஒலி எந்த வயதில் நம் பிள்ளைகளுக்குத் திருந்தி வருகிறது என்று குறித்துக்கொண்டே போனாள். ணகரத்திற்கும் ழகரத்திற்கும் நா எங்கே படுகிறது, எப்படி வளைகிறது என்று அவள் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்ல, பயிற்சிக் கல்லூரி நாட்களுக்குப் பிறகு தொடாதிருந்த தொல்காப்பியப் பிறப்பியலை மீண்டும் எடுத்துப் படிக்க வேண்டியதாயிற்று.