மேற்கு லோதியனின் எண்ணெய்ப் பாறைகள்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசரும் போரும் மட்டுமே ஆக்குவதில்லை. காலடியிற் கிடக்கும் கல்லும் ஆக்குவதுண்டு. ஸ்கொத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவுக்கு மேற்கேயுள்ள லோதியன் நிலப்பகுதி இதற்குத் தக்க சான்றாகும்.

ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலக்கரிக் காலத்தில், இந்நிலப்பகுதி புவிநடுக்கோட்டை அண்மிக் கிடந்தது. அங்கே பரந்திருந்த பேரேரியைப் புவிச்சரிதவியலார் கடெல் ஏரி என்பர். அதில் வாழ்ந்து மடிந்த நுண்ணிய பாசிகள் அடிச்சேற்றிற் படிந்தன. மணலும் களியும் மேன்மேலும் படிந்தழுத்த, அச்சேறு ஏடேடாகப் பிளவுறும் கரிய களிப்பாறையாயிற்று. இப்பாறையில் எண்ணெய் திரவமாக இல்லை. கெரோஜென் என்னும் திண்மப் பொருளாகவே உறைந்துள்ளது. காற்றுப் புகாத வாலையிலிட்டு வெப்பமேற்றும்போதே அஃது எண்ணெயாக வடிகின்றது.

கிளாஸ்கோவிற் பிறந்த இரசாயன அறிஞர் ஜேம்ஸ் யங், நிலக்கரியிலிருந்து எண்ணெய் வடிக்கும் முறைக்கு 1850 இல் ஆக்கவுரிமை பெற்று, மறு ஆண்டில் பாத்கேற்றில் ஆலை நிறுவினார். அவருக்கு முதலில் உதவியது தோர்பேன்கில் என்னுமிடத்துக் கனிப்பொருளாகும். அது தொன்னுக்கு 100 கலனுக்கு மேல் எண்ணெய் தந்தது. நிலத்தை நிலக்கரி அகழக் குத்தகைக்கு விட்டிருந்த உடைமையாளர், அப்பொருள் நிலக்கரியன்று என வழக்காடினர். 1853 இல் எடின்பரோ நீதிமன்றத்தில் அறிஞர் இருமருங்கும் நின்று சான்று பகர்ந்தனர். யூரர் அதனை நிலக்கரியென்றே முடிவு செய்தனர். கல்லின் பெயரைப் பொறுத்தே அதன் செல்வம் எவருக்குரியதென்பது தீர்மானிக்கப்பட்டது.

அவ்வரிய கனிப்பொருள் அருகவே, 1860 களில் களிப்பாறையை நாடினர். 1864 இல் யங்கின் ஆக்கவுரிமை முடிவுற்றதும் ஆலைகள் பல்கின. ஆயின் 1859 இல் பென்சில்வேனியாவில் திரேக்கு துளைத்த கிணற்றைத் தொடர்ந்து அமெரிக்க எண்ணெய் மலிவாகப் பெருகிற்று. நலிந்த ஆலைகள் பல மறைந்தன. எஞ்சியவை விளக்கெண்ணெயோடு மெழுகு, அமோனியஞ் சல்பேற்று உரம் ஆகியவற்றையும் விற்றே நிலைத்தன. 1913 அளவில் ஆண்டுக்கு 30 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட பாறை அகழப்பட்டது.

1919 இல் எஞ்சிய நிறுவனங்கள், பாரசீக எண்ணெயை வடித்த ஆங்கிலோ - பாரசீகக் கம்பனியின் கீழ் ஒன்றாயின. போட்டியாளரே புரவலராயினர். அரசின் வரிச்சலுகையும் தொழிலைத் தாங்கிற்று. உழைப்பாளரோ ஆபத்தினின்று நீங்கினாரல்லர். 1947 சனவரி 10 ஆம் நாள் பேர்ண்கிரேஞ்சுச் சுரங்க விபத்தில் 15 பேர் உயிர்நீத்தனர். 1962 இல் இத்தொழில் முடிவுற்றது.

பாறை தீர்ந்தமையாலன்று, விலை கட்டாமையாலேயே அது முடிவுற்றது என்பது கருதத்தக்கது. எண்ணெய் வடித்தபின் கொட்டப்பட்ட சக்கை, செந்நிறக் குன்றுகளாக இன்றும் நிற்கின்றது. வெஸ்ற் கால்டருக்கு அண்மையிலுள்ள 'ஐந்து சகோதரிகள்' என்னும் குன்றுகள் தொல்சின்னமாகப் பேணப்படுகின்றன. அரிய செடிகள் பல இத்தகைய குன்றுகளில் வேரூன்றியுள்ளன. ஏரி நெடுங்காலத்திற் சேர்த்ததை மாந்தர் ஒரு நூற்றாண்டில் எரித்தனர். கல்லைப் படைப்பது இயற்கை. அதனைச் செல்வமாக்குவதும் சக்கையாக்குவதும் சந்தையே.