பி0420: அழித்தாலும் திரும்பி வரும் எண்

பழைய காரின் டாஷ்போர்டில் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் பி0420 என்று வருகிறது. புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். எண்ணை அழித்தால் விளக்கு அணைகிறது, சில நாளில் மறுபடியும் எரிகிறது. கன்வெர்ட்டரையே மாற்றிய பிறகும் சில கார்களில் அதே எண் திரும்பி வருவதுண்டு. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்பார் சிலர். பாகம் விற்க நடக்கும் தந்திரம் என்பார் வேறு சிலர். இந்த எண் எதற்காக உருவாக்கப்பட்டது என்று பார்த்தால் இரண்டு விளக்கமும் நிற்காது. எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று மெக்கானிக்குக்குச் சொல்வது இதன் முதல் வேலை அல்ல. வண்டியின் புகை சட்டம் அனுமதித்த அளவைத் தாண்டுகிறது என்று அறிவிப்பதே அதன் வேலை. அறிவிப்பை நோய் நிர்ணயமாக எடுத்துக்கொள்வதால்தான் பெரும்பாலும் பழுது திரும்பி வருகிறது.

கதை லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்குகிறது. 1943 ஜூலையில் நகரத்தை மூடிய கண்ணெரிச்சல் மூட்டத்தை எதிரியின் ரசாயனத் தாக்குதலோ என்று மக்கள் அஞ்சினார்கள். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துவந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர், கார் புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். கலிபோர்னியா காற்றுவள வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அமெரிக்கக் காங்கிரஸ் 1970இல் இயற்றிய தூய காற்றுச் சட்டத்தின் நெருக்குதலால் 1975 மாடல் கார்களில் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது. அதைக் கெடுக்கும் ஈயம் கலக்காத பெட்ரோலும் அதற்காகவே பம்புகளுக்கு வந்தது. ஆனால் தொழிற்சாலையை விட்டு வெளியேறும்போது சுத்தமாக இருக்கும் கார், பத்து வருடம் ஓடிய பிறகும் அப்படியே இருக்கிறதா என்பதை யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு அன்று சரியான விடை இல்லை.

1980களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்த கம்ப்யூட்டர் விளக்கைச் சிமிட்டிப் பழுது எண்ணைச் சொன்னது. மெக்கானிக் சிமிட்டல்களை எண்ணிக் கண்டுபிடிப்பார். மற்ற கம்பெனிகள் தத்தம் எண்களை வைத்துக்கொண்டன. கலிபோர்னியா 1988 மாடல்களில் இருந்து இத்தகைய கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. அந்த முதல் ஏற்பாடு ஒயர் அறுந்ததா, சென்சார் செத்ததா என்று பார்த்ததே தவிர, கன்வெர்ட்டர் மெல்ல மெல்ல மங்குவதை அறியாது. அந்தக் குறையைத் தீர்க்க எழுதப்பட்டதுதான் ஓபிடி-2, அதாவது கார் தன்னையே சோதித்துக்கொள்ளும் ஏற்பாட்டின் இரண்டாம் வடிவம். 1994இல் தொடங்கி, 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் அது சட்டமாயிற்று: எல்லாக் கம்பெனிக்கும் ஒரே 16 முனை சாக்கெட், பொதுவான எண்கள், புகை அனுமதி அளவைப் பொதுவாக ஒன்றரை மடங்கு தாண்டினால் விளக்கு எரிய வேண்டும் என்ற விதி.

ஆனால் கார் தன் புகையை நேரடியாக அளப்பதில்லை. இதைக் கவனிக்காமல் யாரும் பி0420ஐப் புரிந்துகொள்ள முடியாது. கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள். முன்னது காற்று-பெட்ரோல் கலவை மாறுவதற்கேற்ப ஏறி இறங்கும். நல்ல கன்வெர்ட்டர் தன் உள்பூச்சில் ஆக்சிஜனைச் சேமித்து வைப்பதால் பின்னது அசையாமல் நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால் சேமிக்கும் சக்தி போய்விட்டது என்று கம்ப்யூட்டர் ஊகிக்கிறது. சைலன்சர் குழாயில் காற்றுக் கசிவு இருந்தாலும், பின் சென்சார் தவறாக அளந்தாலும் ஊகம் தவறாகலாம். ஊகம் சரியாக இருந்தாலும் கன்வெர்ட்டர் தானாக அழிந்திருக்க வேண்டியதில்லை: மிஸ்ஃபயரில் எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்து அதை உருக்கும், இன்ஜின் குடிக்கும் ஆயிலிலுள்ள பாஸ்பரஸ் அதன் மேல் படியும். அந்தக் காரணத்தைத் தேடாமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். எண்ணை அழித்ததும் ‘சரியாகிவிட்டது’ என்ற எண்ணமும் மாயைதான். இன்ஜின் சூடேறி, சீரான வேகத்தில் ஓடும்போதுதான் இந்தச் சோதனை நடக்கும். பெரும்பாலான கார்களில் இரண்டு பயணங்களில் அடுத்தடுத்துத் தோற்றால்தான் விளக்கு எரியும். இடைப்பட்ட நாட்களில் எதுவும் குணமாகவில்லை, கம்ப்யூட்டர் இன்னும் பரீட்சை வைக்கவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஓபிடி சோதனை நடத்தும் மாநிலங்கள் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை; உள்சோதனைகள் முடிந்துள்ளனவா என்றும் பார்ப்பது இதனால்தான்.

ஊகத்தை நம்பி எதற்குச் செலவழிப்பது என்று கேட்கலாம். ஊகம் என்பதாலேயே அது பொய்யாகாது. அடுத்து என்னென்ன பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது, அந்தப் படிகளைத் தாண்டிக் குதிப்பதுதான் வீண் செலவு. கசிவு, மிஸ்ஃபயர், ஆயில் செலவு, இரு சென்சார்களின் அசைவு ஆகியவற்றைப் பார்ப்பதற்கு ஆகும் செலவு புதிய கன்வெர்ட்டர் விலையின் முன் சொற்பம். இதை ஒரு சிறு பட்டறையிலும் செய்ய முடிகிறதென்றால், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண்களைக் கொண்டுவந்த அந்தச் சட்டமே காரணம்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. கன்வெர்ட்டருக்கு அமெரிக்கச் சட்டம் தரும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 80,000 மைல். விளக்கு எரியத் தொடங்குவதோ பெரும்பாலும் அதற்குப் பிறகு, இரண்டாவது மூன்றாவது கையில் கார் இருக்கும்போது. காற்று எல்லோருக்கும் பொது. செலவு மட்டும் அந்தக் கடைசிக் கைக்கு. இந்த அநியாயத்தை நான் மறுக்கவில்லை. அதற்குப் பரிகாரம் விளக்கைப் பிடுங்குவதல்ல. கலிபோர்னியா, சோதனையில் தோற்ற கார் வைத்திருக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்குப் பழுதுபார்க்க உதவித்தொகை தருகிறது. இந்தியாவிலும் 2013 முதல் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிப்படி வந்த கார்களில் ஓபிடி-2 இருக்கிறது. அவற்றில் முதலில் வந்தவையும் இப்போது பத்து வயதைத் தாண்டிவிட்டன. இத்தகைய உதவியை இங்கும் கேட்கத் தொடங்க வேண்டிய காலம் இது.