வாணலியும் ஒரு உயிலும்

வர்ஜினியாவில் என் நண்பருடைய மகன் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். மருமகள் அமெரிக்கப் பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பீச் பழம் போட்டு 'காப்ளர்' என்ற பலகாரம் செய்யத் தொடங்கினாள். பிறர் வீட்டுச் சமையலறையில் எட்டிப் பார்ப்பது கதை எழுதுகிறவனுக்கு உள்ள கெட்ட வழக்கங்களில் ஒன்று. போய் நின்றுகொண்டேன்.

கரேலென்று, ஒரு கையால் தூக்க முடியாத கனத்தில் ஒரு வார்ப்பிரும்பு வாணலி. அதில் வெண்ணெயை உருக்கினாள். மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர் மூன்றையும் பாலில் கரைத்து அதன்மேல் ஊற்றினாள். அதற்கும் மேலே பீச் துண்டுகள். "கிளறிவிட வேண்டாமா, அம்மா?" என்றேன். "கிளறினால் கெட்டுப் போகும், அங்கிள்" என்றாள். ஓவனுக்குள் வைத்து முக்கால் மணி கழித்து எடுத்தால், மேலே போட்ட பழம் அடியில் கிடக்கிறது. அடியில் ஊற்றிய மாவு மேலே வந்து பொன்னிறமாக உப்பி நிற்கிறது!

சாப்பிட்டு முடிந்ததும் வாணலியை வெந்நீரில் அலம்பித் துடைத்து, எண்ணெய் தடவி வைத்தாள். நம் வீட்டுப் பாட்டிமார் தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். கொள்ளுப்பாட்டியின் சொத்தாம் அது. கவிழ்த்துப் பார்த்தேன். 'கிரிஸ்வோல்ட்' என்று வார்த்த எழுத்து. பென்சில்வேனியாவில் ஈரி நகரத்துத் தொழிற்சாலை, 1957-ல் மூடிவிட்டார்கள். வாணலி என்னவோ இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.

இரும்புப் பாத்திரம் ஏழை வீட்டுக்கும் வந்து சேர்ந்த கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு 1707-ல் பேடண்டு வாங்கினார் ஆபிரகாம் டார்பி. பித்தளையைவிட மலிவான பானைகள் அதனால் சாத்தியமாயின. கூட நின்று உழைத்தவன் ஜான் தாமஸ் என்ற வேல்ஸ் பையன். பேடண்டில் இருப்பது டார்பியின் பெயர்.

அமெரிக்காவில் மேற்கே குடியேறப் போனவர்களிடம் ரொட்டி சுடும் அடுப்பு ஏது? பானையின் உட்புறம் கனமாக மாவை அப்பி, பழத்தை நிரப்பி மூடி, அடியிலும் மூடியின் மேலும் தணலைப் போட்டார்கள். அதுதான் பழைய காப்ளர். 1859-ல் வந்த பார்ட்லெட்டின் அகராதி அதை மேற்குப் பக்கத்துச் சொல் என்று குறித்திருக்கிறது. 1856-ல் ஹார்ஸ்போர்டு என்ற ரசாயனப் பேராசிரியர் பேக்கிங் பவுடருக்கான பாஸ்பேட்டுக்குப் பேடண்டு எடுத்தார். நான் பார்த்த மாவு பழத்தைத் தாண்டி மேலே வந்ததே, அது அந்த வகைப் பொடியின் வேலை. பீச்சும் அந்த மண்ணுக்கு உரியதல்ல, சீனத்துப் பழம். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொண்டுவந்து போட, பூர்வ குடிகள் அதைப் பரப்பினார்கள்.

இரும்புப் பாத்திரத்தின் பெருமையைப் பேசும்போது அந்நாட்டார் தவறாமல் ஒன்று சொல்வார்கள்: ஜார்ஜ் வாஷிங்டனின் தாயார் தம் சமையலறை இரும்புச் சாமான்களை உயிலில் குறிப்பிட்டு எழுதிவைத்தார் என்று. அந்தப் பெண்ணும் சொன்னாள். எனக்கு அந்த உயிலையே படிக்க ஆசை வந்தது. படித்தேன்.

1788 மே மாதத்தில் மேரி வாஷிங்டன் அம்மையார் எழுதிய உயில் அது. பேத்தி ஒருத்திக்கு எழுதிய பகுதியில் பெரிய நிலைக்கண்ணாடி வருகிறது, எழுத்து மேஜை வருகிறது, ஊதாத் திரைச்சீலைகள், சிவப்பும் வெள்ளையுமான தேநீர்க் கோப்பைகள், கடைசியில் மிச்சமுள்ள இரும்புச் சாமான்கள். பெருமை பேசுகிறவர்கள் இதை மட்டும் எடுத்துக் கொள்கிறார்கள். அதே பகுதியின் தலையில் இருப்பது 'சின்ன பெட்' என்ற நீக்ரோ அடிமைப் பெண். அவளும், அவளுக்கு இனிப் பிறக்கப் போகும் பிள்ளைகளும், பேத்திக்கும் அவள் வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும் சொந்தம்! வேறொரு பேரனுக்கு ஒரு சவாரி வண்டி, இரண்டு கறுப்புக் குதிரைகள், 'கிழ பெட்'. இரண்டு பெயர்களையும் சேர்த்துப் படித்துவிட்டு மேலே போக முடியாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

பிறகு, 1881-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு சமையல் புத்தகம் அச்சாயிற்று. தென்னாட்டுப் பழைய சமையலைப் பற்றி அபி பிஷர் சொன்னது. ஆம், சொன்னதுதான், தென் கரோலினாவில் பிறந்து அடிமைத்தனத்தைக் கண்டு வந்த அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் வாயால் சொல்ல, மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

ஊருக்குப் புறப்படும் முன் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "உன் கொள்ளுப்பாட்டி தானே சமைப்பாளா?"

அவள் சற்று யோசித்தாள். "இல்லை. கறுப்பு அம்மாள் ஒருத்தி முப்பது வருஷம் சமைத்தாளாம். காப்ளர் அவள் கைப்பக்குவம்தான் என்பார்கள்."

"பெயர்?"

"எல்லோரும் ஆன்ட்டி என்றே கூப்பிடுவார்களாம். அம்மாவைக் கேட்டு எழுதுகிறேன், அங்கிள்."

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அம்மாவுக்கும் தெரியவில்லையாம். பீச் காலம் முடிந்துவிட்டது, இப்போது ஆப்பிள் போட்டுச் செய்கிறேன் என்றும் எழுதியிருந்தாள்.