பழைய இரும்பும் புதிய இரும்பும்: புல்லட் மோட்டார் சைக்கிளின் வரலாற்றிலிருந்து

'அந்தக் காலத்துச் சாமான் அசையாது. இந்தக் காலத்துச் சாமான் ஆறு மாதம் தாங்காது' என்ற பேச்சு, தையல் இயந்திரம் முதல் மோட்டார் வாகனம் வரை எல்லாவற்றைப் பற்றியும் நம்மவரிடையே வழங்கி வருகிறது. இது எவ்வளவு தூரம் உண்மை? சோதித்துப் பார்க்க விரும்புவோருக்கு ஒரு நல்ல உரைகல் இருக்கிறது. ஒரே பெயரில், ஏறத்தாழ ஒரே தோற்றத்தில், சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலுமாக எழுபது ஆண்டுகளாகச் செய்யப்பட்டு வரும் 'புல்லட்' மோட்டார் சைக்கிளே அது.

புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்தின் ரெடிச் நகரம். அங்கே 1901இல் தன் முதலாவது மோட்டார் சைக்கிளைச் செய்த என்பீல்ட் நிறுவனம், பீரங்கியைச் சின்னமாகவும் 'துப்பாக்கியைப்போலச் செய்யப்பட்டது' என்பதை விளம்பர வாசகமாகவும் கொண்டிருந்தது. புல்லட் என்ற பெயர் 1932இல் வந்தது. நாம் இன்று அறிந்த வடிவம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருவானது. 346 கன சென்டிமீற்றர் எஞ்சின், பின்சக்கரத்துக்குச் சுருள்வில் தாங்கிகள் ஆகியவற்றுடன் 1949இல் அது விற்பனைக்கு வந்தது. அன்று பல வண்டிகளின் பின்சக்கரம் வில் ஏதுமின்றி நேரே சட்டத்தில் பொருத்தப்பட்டிருந்தது. எனவே, இன்று பழமையின் சின்னமாகப் போற்றப்படும் புல்லட், பிறந்தபோது புதுமையின் சின்னமாகவே இருந்தது என்பதை முதலில் மனதிற்கொள்ள வேண்டும்.

1950களின் தொடக்கத்தில் இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்கு இவ்வண்டியைத் தெரிந்தெடுத்தது. அதன் விளைவாக 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 'என்பீல்ட் இந்தியா' தோற்றுவிக்கப்பட்டது; தொழிற்சாலை திருவொற்றியூரில் எழுந்தது. தொடக்கத்தில் ரெடிச்சிலிருந்து பாகங்கள் பெட்டிகளில் வந்திறங்க, இங்கே பூட்டப்பட்டன. பின்னர் வார்ப்பு அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1960களின் முற்பகுதிக்குள் முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே உருவாயிற்று. தாயகத்தில் கதை வேறுவிதமாக முடிந்தது. ரெடிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் ஆங்கிலேய நிறுவனமே இல்லாமற் போயிற்று. 1977இல் சென்னையில் செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கின.

இவ்விடத்திலேதான் 'பழையது' என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. ரெடிச்சில் செய்த புல்லட் ஒன்று. திருவொற்றியூரில் 1980களில் செய்த புல்லட் இன்னொன்று. வரைபடம் ஒன்றுதான். ஆனால் வரைபடம் வண்டியைச் செய்வதில்லை. கருவிகளும் கைகளுமே செய்கின்றன. இந்தியாவில் அன்று உரிமம் இன்றி உற்பத்தியைப் பெருக்க முடியாது. வெளிநாட்டு வண்டிகள் சந்தைக்கு வர முடியாது. இராணுவமும் பொலிசும் நிலையான வாடிக்கையாளர்கள். போட்டி இல்லாத இடத்தில் திருத்தம் எதற்கு? 1950களின் நடுப்பகுதி வடிவம் அப்படியே உறைந்து நின்றது. அதனை வார்த்த அச்சுகளும் கடைந்த இயந்திரங்களும் மாத்திரம் தேய்ந்துகொண்டே போயின. இணையும் பரப்புகள் மட்டமாக அமையாதபோது கஸ்கெட்டுகள் எண்ணெயைத் தடுத்து நிறுத்தவில்லை. நின்ற இடத்தில் எண்ணெய்ப் பொட்டு வைப்பது புல்லட்டின் அடையாளம் என்று வேடிக்கையாகச் சொல்லப்பட்டது இதனாலேயே. வாகனத்தின் குறையை அதன் குணமாகக் கொண்டாடியது அக்காலம்.

ஆயினும் அந்த வண்டி உண்மையிலேயே ஓடியது. எப்படி? வார்ப்பிரும்புச் சிலிண்டர், நீண்ட வீச்சுடைய பிஸ்டன், கனத்த பறப்புச் சில்லு, மிகத் தாழ்ந்த அமுக்க விகிதம். எந்த உறுப்பும் தன் எல்லைவரை உழைக்கவில்லை. அமுக்கம் தாழ்ந்த எஞ்சின் மட்டமான எரிபொருளையும் பொறுத்துக்கொள்ளும். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சில துளி பெற்றோல் காட்டி உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களை அவர்கள் கண்டவர்கள். அவை புல்லட்டுகள் அல்ல. ஆனால் விதி ஒன்றே.

இன்னொரு காரணமும் உண்டு. புல்லட்டின் உறுதியில் ஒரு பங்கு தொழிற்சாலையில் செய்யப்படவில்லை, தெருவோரத்தில் செய்யப்பட்டது. பற்றவைப்புப் புள்ளிகளின் இடைவெளியைச் சரிசெய்வது, வால்வுத் தண்டுகளை அளவு பார்ப்பது, சங்கிலியை இறுக்குவது, தளர்ந்த மறைகளைத் திருகுவது ஆகியவை அதன் வாழ்க்கை முறை. இவற்றுக்குச் சில ஸ்பானர்களும் பழகிய காதும் போதும். பழுதாகாத வண்டி என்று நாம் நினைவில் வைத்திருப்பது, பெரும்பாலும் பழுதான இடத்திலேயே திருத்தப்பட்ட வண்டியைத்தான்.

அதன் வலிமைக்கு எல்லையும் இருந்தது. கிராமத்துச் சாலையில் நிதான வேகத்தில் பல்லாண்டு உழைத்த அதே எஞ்சின், ஐரோப்பிய நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக வேகமாக ஓட்டப்பட்டபோது தாக்குப் பிடிக்கவில்லை. இணைப்புத் தண்டின் அடிப்பகுதியிலிருந்த மிதவைத் தாங்கி தேய்ந்து போயிற்று. டிரம் பிரேக்குகளும் இன்றைய போக்குவரத்துக்குப் போதாதவை. மேலும், இன்று வீதியில் காணும் அறுபது வயது வண்டியைக் காட்டி 'பார், இன்னும் ஓடுகிறது' என்பவர்கள், ஓடாமற் போய்ப் பழைய இரும்புக் கடைக்குச் சென்றவற்றை எண்ணுவதில்லை. ஓடுகின்ற வண்டியிலும் பிஸ்டன், சங்கிலி, கம்பிகள் எத்தனை தடவை மாற்றப்பட்டன என்று கேட்பதுமில்லை.

1990களில் சந்தை திறந்தது. கணக்குத் தீர்க்கும் நாளும் வந்தது. ஜப்பானியக் கூட்டுடன் செய்த இலகு வண்டிகள் மிதித்தவுடன் கிளம்பின, எண்ணெய் சிந்தவில்லை. ஐஷர் குழுமத்தின் கைக்கு மாறி 'ரோயல் என்பீல்ட்' என்ற பழம்பெயரை மீண்டும் சூடியிருந்த நிறுவனத்தை, 2000ஆம் ஆண்டளவில் மூடிவிடலாமா என்று உரிமையாளர்களே ஆலோசித்தனர். அப்போது இருபதுகளில் இருந்த சித்தார்த்த லால் பொறுப்பை ஏற்றார். ஏ.வி.எல். என்ற ஆஸ்திரிய நிறுவனத்தின் துணையுடன் அலுமினிய எஞ்சின் வந்தது. பின்னர் எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த புதிய எஞ்சின் 2008 முதல் வந்தது. 2009இல் 'கிளாசிக்' என்ற பெயரில் பழைய தோற்றத்தைப் புதிய எஞ்சினின் மேல் போர்த்தினார்கள். புகை மாசு விதிகள் இறுக, வார்ப்பிரும்பு எஞ்சின் 2010ஐ ஒட்டி விடைபெற்றது. பழமையை விற்றே பிழைத்த இந்நிறுவனம், உள்ளே பழமையைக் கைவிட்டதாலேயே பிழைத்தது. 2024-25 நிதியாண்டில் அது விற்ற வண்டிகள் 10 இலட்சத்துக்கும் மேல்.

இன்றைய 349 கன சென்டிமீற்றர் எஞ்சின் 2020இல் 'மீற்றியோர்' வண்டியில் அறிமுகமாகி, 2021இல் கிளாசிக்குக்கும் 2023இல் புல்லட்டுக்கும் வந்தது. அதிர்வைத் தணிக்கச் சமநிலைத் தண்டு, எரிபொருளை அளந்து தெளிக்கும் மின்னணு அமைப்பு, பல மாதிரிகளில் சக்கரம் சறுக்காமல் காக்கும் பிரேக் எல்லாம் உண்டு. கடைசலின் நுணுக்கம், வார்ப்பின் தரம், எண்ணெய் சிந்தாமை என்று எந்த அளவுகோலை எடுத்தாலும் இது திருவொற்றியூரின் பழைய வண்டியைவிட மேலானது. இதில் ஐயமில்லை.

ஆனால் இதன் பலவீனம் வேறு வகையானது. 2021 மே மாதம், பற்றவைப்புச் சுருளில் குறை இருக்கக்கூடும் என்று ஏழு நாடுகளில் 2,36,966 வண்டிகள் பரிசோதனைக்குத் திருப்பி அழைக்கப்பட்டன. பழைய காலத்தில் குறை வண்டிக்கு வண்டி வேறுபடும்; இன்று ஒரு சிறு பாகம் தவறினால் இலட்சக்கணக்கான வண்டிகளில் ஒரே சமயத்தில் தவறும். அதே வேளை, தவறு நடந்ததென்று தொழிற்சாலையே கண்டறிந்து, செலவின்றி மாற்றிக் கொடுக்கும் வழக்கமும் இக்காலத்தது. 2021க்குப் பிந்திய கிளாசிக்கில் உதைத்துக் கிளப்பும் மிதியும் இல்லை. பற்றரி செத்தால் வண்டியும் நின்றுவிடும். உணரி ஒன்று பிழைத்தால் என்ன பிழை என்று அறியவே கணினி வேண்டும். காதால் எஞ்சினைப் படித்த தெருவோர மெக்கானிக்கின் அறிவு, இங்கே வாசலிலேயே நின்றுவிடுகிறது. அவருடைய பிழைப்பும் அப்படியே.

ஆகவே 'எது உறுதியானது?' என்ற கேள்வி இரண்டு கேள்விகளாகப் பிரிய வேண்டும். எது குறைவாகப் பழுதாகும்? புதியது. பழுதானால் எதை எங்கும், யாரும் திருத்தலாம்? பழையது. நகரத்தில் சேவை நிலையத்துக்கு அருகில் வாழ்பவருக்கு முதலாவது கேள்வியே போதும். உதிரிப்பாகம் வந்து சேராத ஊரில், இறக்குமதிக் கட்டுப்பாடு வரக்கூடிய நாட்டில் வாழ்பவருக்கு இரண்டாவதும் முக்கியம். பழைய வண்டியைப் புகழ்வோர் அதன் இரும்பைப் புகழ்வதாக எண்ணுகின்றனர். உண்மையில் அவர்கள் புகழ்வது, அதனைத் தாங்களே திறந்து பார்த்துத் திருத்த முடிந்த அந்த உரிமையை. அந்த உரிமையைப் புதிய வண்டியிலும் கேட்டுப் பெறலாம்: திருத்தும் கையேடுகள், பிழை காட்டும் கருவிகள், உதிரிப்பாகங்கள் ஆகியவை வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று வாங்குபவர்கள் வற்புறுத்தினால்.