பழைய ராணுவ வாட்ச்சில் இருக்கும் ரேடியம்

உங்கள் நட்பு வட்டத்தில் பழைய வாட்ச் சேகரிப்பவர்கள் யாராவது இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்க. குறிப்பாக இரண்டாம் உலகப்போர் கால ராணுவ வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட்தான், பொறுமையா படிங்க.

1914க்கு முன் ஐரோப்பிய ஆண்கள் பெரும்பாலும் சட்டைப்பை கடிகாரம்தான் வைத்திருந்தார்கள். கையில் கட்டுவது பெண்கள் சமாச்சாரம். முதல் உலகப்போர் அதை மாற்றியது. பீரங்கி எந்த நிமிடம் ஓய வேண்டும், காலாட்படை எந்த நிமிடம் பதுங்குகுழியை விட்டு ஏற வேண்டும், எல்லாமே வாட்ச் பார்த்துத்தான். துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு பையைத் துழாவ முடியுமா? ராத்திரி மணி பார்க்கத் தீக்குச்சி கிழித்தால் எதிரி சுட்டுவிடுவான். அதனால் வாட்ச் மணிக்கட்டுக்கு வந்தது. முள்ளும் எண்ணும் இருட்டில் ஒளிர வேண்டியிருந்தது.

அதற்குக் கிடைத்த வழி ரேடியம் பெயின்ட். ரேடியம் வெளியிடும் ஆல்ஃபா துகள்கள், கூடவே கலந்திருக்கும் துத்தநாக சல்ஃபைடில் மோதும்போது பச்சை வெளிச்சம் வரும். வெயிலில் காட்ட வேண்டியதில்லை, ராத்திரி முழுக்க ஒளிரும்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஆரஞ்சு நகரில் ஒரு கம்பெனி 'அன்டார்க்' என்ற பெயரில் இந்தப் பெயின்டைத் தயாரித்தது. டயலில் பூசும் வேலை இளம்பெண்களுக்கு. எத்தனை டயலோ அத்தனை கூலி. பிரஷ் முனை கூர்மையாக இருக்க வேண்டுமே, அதனால் உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். உதடு, பெயின்ட், டயல், மறுபடி உதடு. ஆபத்தில்லை என்றும் சொன்னார்கள். அதே கம்பெனியின் விஞ்ஞானிகள் ரேடியத்தை இடுக்கியால் எடுத்தார்கள், ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்றார்கள்!

உடம்புக்குள் போன ரேடியத்தை நம் எலும்பு கால்சியம் என்றே நினைத்துச் சேர்த்துக்கொள்ளும். அங்கே உட்கார்ந்து வருஷக்கணக்கில் உள்ளிருந்தே சுடும். முதலில் பல் ஆடும். பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது. அப்புறம் தாடை எலும்பே சிதையும்.

மோலி மாஜியா என்ற பெண்ணின் தாடை பல் மருத்துவரின் கையோடு பெயர்ந்து வந்தது. 1922இல் இறந்தார். இறப்புச் சான்றிதழில் எழுதப்பட்ட காரணம் என்ன தெரியுமா? சிஃபிலிஸ்! அந்தக் காகிதத்தில் அடிக்கடி கையெழுத்துப் போடுகிறவன் என்ற முறையில் இந்த இடம் எனக்கு ரொம்ப உறுத்தும். 1927இல் உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்தபோது எலும்புகளில் கதிரியக்கம் அப்படியே இருந்தது. சிஃபிலிஸுக்கு அடையாளமே இல்லை.

உண்மையை வெளியே கொண்டுவந்ததில் இரண்டு மருத்துவர்களைச் சொல்ல வேண்டும். 1924இல் தியோடர் ப்ளம் என்ற பல் மருத்துவர் 'ரேடியம் தாடை' என்று பெயரிட்டு எழுதினார். 1925இல் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் காரணம் ரேடியம்தான் என்று காட்டினார். கிரேஸ் ஃப்ரையரும் இன்னும் நான்கு பெண்களும் 1927இல் வழக்குப் போட்டார்கள். அடுத்த வருடம் சமரசம்: ஆளுக்கு 10,000 டாலர், வருடம் 600 டாலர், வைத்தியச் செலவு. பெயின்டைக் கண்டுபிடித்த ஸபின் வான் சோஷாக்கியும் அதே 1928இல் ரத்தச்சோகையில் இறந்தார். எலும்பு மஜ்ஜை செத்துப்போனதால் வருகிற வகை. 1941இல் அமெரிக்கா ஒருவர் உடம்பில் இருக்கலாம் என்று வகுத்த ரேடியம் உச்சவரம்பு 0.1 மைக்ரோகியூரி. அந்த எண் இந்தப் பெண்களின் உடம்பை அளந்து கிடைத்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் இரண்டாம் உலகப்போர் வாட்ச்களில் ரேடியம்தான். 1945இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு 12 சுவிஸ் கம்பெனிகள் செய்து கொடுத்த வாட்ச்கள் உண்டு. கறுப்பு டயல், அதில் மூன்று கோட்டு அம்புக்குறி. ஒமேகா, லாஞ்ஜீன்ஸ், சைமா எல்லாம் அதில் அடக்கம். 1967இல் வந்த படத்தின் பெயரை வைத்து 'டர்ட்டி டஜன்' என்பார்கள். பன்னிரண்டையும் சேர்ப்பது பலருக்கு வாழ்நாள் கனவு.

பின்னாளில் ராணுவமே இவற்றில் பலவற்றின் ரேடியம் டயலைக் கழற்றிவிட்டு, டிரிட்டியம் பூசிய டயலை மாட்டியது. வட்டத்துக்குள் 'டி' எழுத்து இருந்தால் அந்த வகை. ஆனால் இன்றைய சந்தையில் எதற்கு மதிப்பு அதிகம்? மாற்றாத ஒரிஜினல் டயலுக்கு! ராணுவம் வேண்டாம் என்று எடுத்ததற்கு நாம் கூடுதல் காசு கொடுக்கிறோம்.

"இப்பதான் ஒளிரவே இல்லையே டாக்டர், ரேடியம் செத்திருக்கும்" என்பார்கள். செத்தது துத்தநாக சல்ஃபைடு. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருடம். 1945இல் பூசியதில் 100க்கு 96 பங்குக்கு மேல் இன்னும் இருக்கிறது.

பயந்து தூக்கிப் போடச் சொல்லவில்லை. மூடிய வாட்ச்சின் கண்ணாடியும் உலோகமும் ஆல்ஃபா துகளைத் தடுத்துவிடும். பிரச்னை இரண்டு. ஒன்று, அதிலிருந்து கசியும் ரேடான் வாயு. ஒன்றிரண்டு வாட்ச் பெரிய விஷயமில்லை, ஆனால் பெரிய கலெக்ஷனைக் காற்றோட்டமில்லாத படுக்கையறையில் வைக்காதீங்க. இரண்டு, உதிர்ந்த பெயின்ட் தூசி. அதனால் நீங்களாகத் திறக்காதீங்க, சுரண்டாதீங்க.

அதைவிட முக்கியம், தெருமுனை வாட்ச் ரிப்பேர் கடை அண்ணனிடம் சொல்லாமல் கொடுக்காதீங்க. மூடியைத் திறந்ததும் அவர் முதலில் செய்வது வாயால் ஊதுவது. அப்புறம் அதே கையால் டீ குடிப்பார். 1960க்கு முந்தைய ஒளிரும் டயல், 'டி' எழுத்தும் இல்லை என்றால் ரேடியம் என்றே வைத்துக்கொண்டு, "அண்ணே, இதுல விஷப் பெயின்ட் இருக்கு, திறக்காதீங்க" என்று வாட்ச்சைக் காட்டும்போதே சொல்லிவிடுங்க.