பவளத் தொட்டிக்கான மிதவையுயிரி வளர்ப்பு

பவளத் தொட்டிக்கான மிதவையுயிரி வளர்ப்பு என்பது நுண்பாசியையும், ரோட்டிஃபர், கோப்பிபாட் என்ற நுண்விலங்குகளையும் வீட்டிலேயே உயிரோடு பெருக்கிப் பவளங்களுக்கும் மீன்களுக்கும் இரையாக்கும் முறை. மாண்டரின் மீன் உலர்தீனியை எளிதில் தொடாது. பாறையில் ஊரும் கோப்பிபாடுகளைக் கொத்தியே பிழைக்கும். அதை அழகுக்காக வாங்கிவிட்டுப் பிறகு இந்த வேலையில் இறங்குவோர் பலர்.

இம்முறை மீன்குஞ்சுப் பொரிப்பகங்களிலிருந்து வந்தது. ஜப்பானில் விலாங்குக் குளங்களைக் கெடுக்கும் உயிரியாகக் கருதப்பட்ட ரோட்டிஃபரை 1960இல் தகாஷி இத்தோ மீன்குஞ்சுகளுக்கு இரையாக்கிக் காட்டினார்.

மலேசியாவின் ஜொகூரில் இவற்றை வளர்ப்போர் முதலில் கவனிக்க வேண்டியது வெப்பம். பகலில் அறையே 30 பாகை செல்சியசைத் தொடும். விளக்கருகே உள்ள புட்டி அதையும் தாண்டும். எனவே ஐசோகிரைசிஸ் என்ற நுண்பாசியில் தாஹித்தி வகையும், ரோட்டிஃபரில் சிறிய பிராக்கியோனஸ் ரோட்டுண்டிஃபார்மிசும் ஏற்றவை. பிராக்கியோனஸ் பிளிகாட்டிலிஸ் இனம் இதைவிடக் குளிர்ந்த நீரையே விரும்பும்.

கடல் பக்கத்தில்தானே என்று ஜொகூர் நீரிணையில் நீர் மொள்வது வீண் துணிச்சல். 2014 பிப்ரவரியில் அதன் மேற்குப் பகுதியில் கார்லோடினியம் ஆஸ்திராலே என்ற நச்சுப்பாசி பெருகிக் கூண்டு மீன்கள் பெருமளவில் மடிந்தன. செயற்கைக் கடலுப்பைக் கரைத்து, குளோரின் இட்டு, மறுநாள் சோடியம் தயோசல்பேட்டால் அதை நீக்கிய நீரே பாதுகாப்பானது. அதில் எஃப்/2 உரக்கலவையும் தாய்ப்பாசியும் சேர்த்து, காற்றும் ஒளியும் கொடுத்தால் சுமார் ஒரு வாரத்தில் நீர் பச்சை கட்டும்.

ரோட்டிஃபருக்கு உப்பு குறைந்த நீர், லிட்டருக்கு 20 முதல் 25 கிராம், போதும். அன்றாடம் கால் பங்கு அளவுக்கு அறுவடை செய்து, அதே அளவு பாசிநீர் ஊற்றுவர். தின்னும் பாசியைப் பொறுத்ததே ரோட்டிஃபரின் சத்து: நானோகுளோரோப்சிஸ் பாசியில் இபிஏ கொழுப்பமிலம் மிகுதி, டிஎச்ஏ அரிது, ஐசோகிரைசிஸ் அந்தக் குறையை ஈடுசெய்யும். கோப்பிபாட் மெதுவாகப் பெருகும். டிஸ்பே இனம் பாத்திரத்தின் அடியிலும் சுவரிலும் ஒட்டி வாழ்வதால் காற்றோட்டம் மென்மையாக இருந்தால் போதும். இரையாகும் மற்றொரு சிற்றுயிரான ஆர்ட்டிமியாவின் முட்டை ஏறத்தாழ 24 மணி நேரத்தில் பொரியும். நேரம் கடந்தால் குஞ்சின் கொழுப்பு கரைந்துபோகும்.

ரோட்டிஃபர் ஒட்டிய குழாய் பாசிப் புட்டியில் பட்டாலே அந்தப் பாசி சில நாட்களில் தெளிந்துவிடும். ஆகவே கருவிகளைத் தனித்தனியே வைப்பதும், தாய்ப்பாசியில் ஒரு பங்கை வேறு அறையில் காப்பதும் வழக்கம். அறுவடையை 50 மைக்ரான் வலையில் வடிகட்டி, நல்ல உப்புநீரில் அலசித் தொட்டியில் விட வேண்டும். வளர்ப்புநீரை அப்படியே ஊற்றினால் பாஸ்பேட் ஏறித் தொட்டியில் வேண்டாத பாசி படரும்.